நிழலுக்கு மாவுக்கட்டு

காலை நேரத்துக் கடற்கரை வண்டியில் குரோம்பேட்டையில் ஏறியவன் உட்கார்ந்து போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. செங்கல்பட்டில் கிளம்பும்போதே பாதி நிரம்பி, கூடுவாஞ்சேரியில் முக்காலாகி, தாம்பரத்தில் கதவு வரைக்கும் பிதுங்கிவிடும் வண்டி அது. குரோம்பேட்டைக்காரனுக்கு மிச்சமிருப்பது தலைக்கு மேல் ஒரு கைப்பிடியும் பக்கத்தில் நிற்பவரின் அக்குளும்தான். குலசேகரன் கல்யாணத்துக்கு முந்தின காலத்திலிருந்து இந்த வண்டியில் நின்றுகொண்டேதான் போகிறான். அதில் அவனுக்குக் குறை எதுவும் இருந்ததில்லை. அந்தத் திங்கட்கிழமை மட்டும் இருந்தது.

காரணம், அவனுடைய வலது விலா. முந்தின நாள் பம்மல் பக்கத்து மைதானத்தில் நடந்த ரக்பி ஆட்டத்தில், ஆம்பூரிலிருந்து வந்த அணியின் முன்வரிசை ஆள் ஒருவன் அவன்மேல் மோதியிருந்தான். மோதினான் என்று மரியாதைக்குச் சொல்வது. குடியேறினான் என்பதுதான் சரி. எலும்பு முறியவில்லை, கன்றிப் போயிருக்கிறது, ஓய்வெடுங்கள் என்றார் டாக்டர். மூச்சை இழுத்தால் வலித்தது, விட்டால் வலித்தது, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தேவலையாக இருந்தது. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. ஆனால் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு, கப்பல் வந்து நிற்கிற நாளில் ஓய்வு ஏது? கடற்கரை வரைக்கும் நின்றுகொண்டே போனால் ஆபீஸில் போய்ச் சேரப்போவது தான் அல்ல, தன்னுடைய சாப்பாட்டுப் பை மட்டும்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எப்படியாவது ஓர் இருக்கை வேண்டும்.

நாற்பத்திரண்டு வயதில் இவனுக்கு ரக்பி எதற்கு என்று கேட்கலாம். அவன் வீட்டில் கேட்டார்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினம் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவனின் காலடிக்கு, நடுவே ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து விழுந்துகொண்டிருந்த ஒரு கூட்டத்திலிருந்து முட்டை வடிவத்தில் ஒரு பந்து உருண்டு வந்தது. எடுத்துப் போய்ப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தான். அவர்கள் பந்தை வாங்காமல் அவன் கழுத்தையும் தோளையும் வயிற்றையும் பார்த்தார்கள். ஓர் ஆள் குறைகிறது, உள்ளே வாங்க என்றார்கள். இத்தனை வருஷம் வீட்டில் குறையாகச் சொல்லப்பட்ட உடம்பை முதல்முறையாக ஒருவர் தகுதியாகப் பார்க்கிறார். குலசேகரன் அன்றைக்கே சேர்ந்துவிட்டான்.

அவனுடைய முதல் ஆட்டத்தைப் பற்றி ரயிலில் அவன் மூச்சுவிட்டதில்லை. எதிரணிக்காரன் ஒருவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக அவனை நோக்கி ஓடி வந்தான். இடுப்பைப் பிடித்துக் கீழே சாய்ப்பதுதான் இவன் வேலை. ஆனால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக வருகிற ஒருவனைக் கண்டால் மின்சார ரயில்காரனின் உடம்பு என்ன செய்யும்? குலசேகரன் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கி, வழிவிட்டான். வந்தவன் போய்ப் பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுத்துவிட்டான். என்ன ஆச்சு என்று கேப்டன் கேட்டபோது, அவர் இறங்கணுமோன்னு நெனச்சேன் என்றான் குலசேகரன். அதற்கப்புறம் ஒரு மாதம் அவனை மைதானத்து ஓரத்தில் ஐஸ் தண்ணீர் வைத்திருக்கும் கூலர் பெட்டி பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

மைதானத்தில் கூலர் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாலும் ரயிலில் அவன்தான் கேப்டன். அவனுடைய ரசிகர்கள் மூன்று பேர், ஒரே பெஞ்சில். ஜன்னலோரம் தேவசகாயம், ஹைகோர்ட்டில் பெஞ்ச் கிளார்க், ஓய்வு பெறப் போகிறவர். நடுவில் பாரிமுனையில் மூக்குக்கண்ணாடி பிரேம் மொத்த வியாபாரம் செய்யும் நூருதீன் பாய். இந்த ஓரத்தில் துறைமுக ஆபீஸ் கோமளவல்லி. மூவரும் கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர்கள், அதனால் உட்கார்ந்தவர்கள்.

கொஞ்ச காலம் முன்பு ஒரு திங்கட்கிழமை, அவன் கதையைக் கேட்டு மூவரும் ஒரே குரலில் பொய் என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள். ரோஷப்பட்டு அவன் இரண்டு பெட்டி தள்ளி ஏற ஆரம்பித்தான். கதை இல்லாமல் சைதாப்பேட்டை வரவே மாட்டேன் என்கிறது என்று நூருதீன்தான் போய் அழைத்து வந்தார். சமாதானத்துக்குக் கோமளவல்லி ஒரு சட்டம் போட்டாள். இனிமேல் அவன் கதையைப் பொய் என்று யார் சொல்கிறாரோ, அவர் எழுந்து அவனுக்கு இடம் தர வேண்டும். அன்றிலிருந்து மூவருக்கும் அந்தச் சொல்லே மறந்துபோயிற்று. அவன் எதைச் சொன்னாலும் நம்பினார்கள். உட்கார இடம் என்பது அப்படிப்பட்ட பொருள்.

வலிக்கிறது, கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம்தான். ஆனால் இதற்கு முந்தின திங்கட்கிழமைகளில் அவனுக்குக் கழுத்து திரும்பியிருக்கிறது, முழங்கால் கழன்றிருக்கிறது, ஒரு தடவை முதுகெலும்பு தலைகீழாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. இன்றைக்கு விலா என்றால் மூவரும் நம்புவார்கள். நம்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். நாலாவது ஆளாக ஓரத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்றால், ரக்பிக்காரர்கள் ஆசைப்பட்ட அந்த உடம்பு பாதி பெஞ்சு கேட்கும். ஆகவே ஒரே வழிதான் இருந்தது. மூவரில் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை வரவழைக்க வேண்டும்.

பல்லாவரம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டான். இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆம்பூர்க்காரனின் அகலத்தைச் சொன்னான். அவன் மைதானத்துக்குள் வந்ததும் அவன் நிழல் விழுந்து மைதானமே இருட்டிவிட்டதாம். வாட்ச்மேன் சாயங்காலமாகிவிட்டது என்று கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டானாம்.

"ஞாயித்துக்கிழமை மப்பாத்தான் இருந்துது" என்றாள் கோமளவல்லி.

அடுத்தது ஸ்க்ரம். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கோத்துக்கொண்டு, நடுவில் கிடக்கும் பந்துக்காக ஆட்டுக்கிடா மாதிரி ஒருவரையொருவர் தள்ளுவது. குலசேகரன் முன்வரிசை. இவர்கள் தள்ள, அவர்கள் தள்ள, ஆள் யாரும் நகரவில்லையாம். மைதானம் நகர்ந்ததாம். புல், கோல் கம்பம், ஓரத்து வேப்பமரம் எல்லாம் சேர்ந்து கிழக்கே போய் அடுத்த வார்டுக்குள் நுழைந்துவிட்டதாம். இப்போது வேப்பமரம் யாருடையது என்று இரண்டு கவுன்சிலருக்குள்ளே தகராறாம்.

இதற்கு நூருதீன் சற்று யோசித்தார். அந்தப் பக்கம் அவருடைய மச்சான் வீடு இருக்கிறது. காலையில் போன் பண்ணினான், வாசலைத் திறந்தால் மரம் நிற்கிறது, யார் வைத்தது என்று தெரியவில்லை என்றான் என்று சொல்லிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். குலசேகரனுக்கு வயிறு எரிந்தது. மரத்தை அவன் கண்டுபிடித்து முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் மச்சான் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் நட்டுவிட்டார்கள்.

திரிசூலத்தில் வண்டி நின்றபோது தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டான். கடைசி நிமிஷத்தில் தான் பந்தை ஓர் உதை விட்டதாகவும், அது மேலே போனது போனதுதான், இறங்கவே இல்லை என்றும் சொன்னான். பந்து தரையில் படாமல் ஆட்டத்தை முடிக்க முடியாதென்று நடுவர் அண்ணாந்தபடியே நின்றாராம். எல்லோரும் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு வந்தார்களாம். சாயங்காலம் பந்து வந்ததாம். சிங்கப்பூர் போன விமானத்தின் இறக்கையில் சிக்கி, அங்கே போய், அடுத்த விமானத்தில் திரும்பி வந்ததாம்.

"கஸ்டம்ஸ்ல விட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார் நூருதீன்.

தொழிலுக்குள் கை வைத்ததும் குலசேகரனுக்கு ஒரு கணம் நாக்கு தடுமாறியது. உபயோகித்த பொருள் என்று எழுதிக் கொடுத்ததாகச் சமாளித்தான். அப்படியென்றால் சரி என்றார் நூருதீன்.

பழவந்தாங்கலில் நாலு பேர் இறங்கி ஒன்பது பேர் ஏறினார்கள். யாருடைய முழங்கையோ விலாவில் பட்டு, குலசேகரனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உணர்ச்சிவசப்படுகிறான் என்று நினைத்துக் கோமளவல்லி மெதுவா சொல்லுங்க என்றாள். எழுந்திருக்கவில்லை.

தேவசகாயத்தைத்தான் உடைக்க வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. அவர் இதுவரை வாயே திறக்கவில்லை. செய்தித்தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சாட்சி சொல்வதைக் கேட்கிற முகத்தோடு இருந்தார். முப்பது வருஷம் நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து, சத்தியம் செய்துவிட்டுச் சொல்லப்படும் புளுகை எல்லாம் முகம் மாறாமல் கேட்டவர் அவர். கொலை நடந்த நேரத்தில் கொலைகாரன் திருப்பதியில் மொட்டையடித்துக்கொண்டிருந்தான் என்று, தலை நிறைய முடியோடு நின்றவனைக் காட்டிச் சொன்ன சாட்சியையே கொட்டாவி விடாமல் கேட்டிருக்கிறார்.

குலசேகரன் அவரைப் பார்த்தே சொன்னான். ரக்பியில் பந்தை முன்னால் வீசக்கூடாது, பின்னால் இருப்பவனுக்குத்தான் கொடுக்கலாம். பின்னாலேயே கொடுத்துக்கொண்டு முன்னால் போக வேண்டும்.

"வெளங்குது தம்பி. கேஸ் கட்டு கீழ்க்கோர்ட்டுக்குத் திரும்பிப் போற மாதிரி" என்றார் தேவசகாயம்.

அது ஒன்றுதான் இதுவரை சொன்னதில் உண்மை. அதை வைத்து எதுவும் ஆகப் போவதில்லை. கிண்டி நெருங்க நெருங்க, இறங்குகிறவர்கள் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார்கள். அதைப் பார்த்ததும் குலசேகரனுக்கு அடுத்த கதை கிடைத்தது. பந்து தன் கைக்கு வந்தபோது எதிரே ஆம்பூர் அணி பதினைந்து பேரும் சுவர் மாதிரி நின்றார்களாம். தான் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கிண்டி இறங்கணும், கிண்டி இறங்கணும் என்று சொல்லிக்கொண்டே நடந்தானாம். ஓடக்கூட இல்லையாம். பதினைந்து பேரும் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டார்களாம். ஒருவன் தன் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னாடியே வந்து நிக்கக் கூடாதா சார் என்று அலுத்துக்கொண்டானாம். நடுவரும் விலகினாராம். போய்ப் பந்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தன் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் இறங்கி வந்திருந்தார்களாம்.

சொல்லும்போதே இது நடந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஓர் ஏக்கம் வந்தது. கேட்டவர்களுக்கு அது ஏக்கம் அல்ல, சாதாரண விஷயம். ஆம்பூர்க்காரர்கள் மெட்ராஸுக்கு வேலைக்கு வந்து போகிறவர்கள்தானே, பழக்கம் இருக்கும் என்றாள் கோமளவல்லி. எதிர் பெஞ்சில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் கிண்டியா என்று பதறி எழுந்து இறங்கிப் போனார். அவர் இடத்தில், குலசேகரன் திரும்புவதற்குள், ஓர் அம்மாளும் அவருடைய முருங்கைக்காய்க் கட்டும் உட்கார்ந்துவிட்டார்கள்.

சைதாப்பேட்டை பாலத்தில் வண்டி உலுக்கியது. விலா ஒரு தடவை கத்தியது. மாம்பலத்தில் இறங்கியதைவிட ஏறியது அதிகம். குலசேகரனுக்கு இடது கையும் மரத்துப்போக ஆரம்பித்தது. இனிமேல் சில்லறைக் கதை உதவாது என்று முடிவு செய்தான்.

ஆம்பூர்க்காரன் தன்னை மோதிக் கீழே தள்ளிய வேகத்தில், தனக்கு ஒன்றுமே ஆகவில்லை, தன் நிழலுக்குக் கை முறிந்துவிட்டது என்றான். தான் கையைத் தூக்கினால் நிழல் தூக்கவில்லையாம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் முறிவு என்று சொல்லி, சுவரில் வைத்தே நிழலுக்கு மாவுக்கட்டுப் போட்டாராம். ஆறு வாரம் வெயிலில் போகக் கூடாது என்றாராம்.

நூருதீன் மென்றுகொண்டிருந்த வெற்றிலை நின்றது. கோமளவல்லி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். குலசேகரன் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். தேவசகாயம் மட்டும் குனிந்து, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே தரையைத் தேடினார்.

"இந்தக் கூட்டத்துல நெழலு எங்க விழும்? பாவம், கட்டோட நசுங்கிட்டிருக்கும்" என்றார்.

நூருதீன் மறுபடி மெல்ல ஆரம்பித்தார்.

கோடம்பாக்கம் போயிற்று. நுங்கம்பாக்கம் போயிற்று. சேத்துப்பட்டில் குலசேகரன் கடைசியாக இருந்ததை எடுத்தான். அந்த மோதலில் தான் பின்னால் பறந்ததாகச் சொன்னான். மைதானத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அதற்கப்புறமும் நிற்காமல், ஞாயிற்றுக்கிழமையையே தாண்டிச் சனிக்கிழமையில் போய் விழுந்தானாம். எழுந்து பார்த்தால் சனிக்கிழமை காலை. வேறு வழியில்லாமல் மறுபடி ஆபீஸுக்குப் போய், அதே பில்களை மறுபடி போட்டு, அதே தக்காளி சாதத்தை மறுபடி தின்று, ராத்திரி தூங்கி எழுந்து, ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தானாம். அங்கே ஆம்பூர்க்காரன் மோதுவதற்கு இன்னும் தயாராக நின்றுகொண்டிருந்தானாம்.

"பொ..." என்றாள் கோமளவல்லி.

குலசேகரன் கம்பியை விட்டுவிட்டான். நூருதீன் தன் முழங்கையால் அவளை இடித்தார். கோமளவல்லிக்கு முகம் சிவந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. திறந்த வாயை எதையாவது சொல்லித்தான் மூட முடியும்.

"பொங்கல் சாப்ட்டீங்களா காலைல?" என்று முடித்தாள்.

வண்டி எழும்பூரில் நின்றது. குலசேகரன் மறுபடி கம்பியைப் பிடித்தான். கதை தீர்ந்துவிட்டது. இனி அவனிடம் சொல்ல ஒன்றும் இல்லை. கடற்கரை வரைக்கும் நிற்பதென்று அவனும் அவன் விலாவும் ஒத்துக்கொண்டாயிற்று. கேட்ட கேள்விக்கு, யோசிக்கத் தெம்பில்லாமல், நடந்ததைச் சொன்னான்.

காலையில் எதுவும் சாப்பிடவில்லை, பொங்கல் நேற்றுச் சாப்பிட்டதுதான் என்றான். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்கள், ஜெயித்தவர்கள் எல்லோரும் எதிரெதிரே இரண்டு வரிசையாக நின்று கைதட்டி ஒருவரையொருவர் அனுப்பிவைப்பது வழக்கம். அப்புறம் எந்த ஊரில் ஆட்டமோ அந்த ஊர் அணி வந்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். நேற்று இவர்கள் முறை. குலசேகரனிடம் சாம்பார் வாளியைக் கொடுத்திருந்தார்கள். வாளியைத் தூக்கினான், கை வரவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த ஆம்பூர்க்காரன், அவனை இடித்த அதே ஆள், எழுந்து வந்து வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு இவனைத் தன் இடத்தில் உட்கார வைத்தான். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வந்து, தன் துண்டிலேயே கட்டி, விலாவில் வைத்துக்கொள்ளச் சொன்னான். இரண்டு அணிக்கும் சாம்பார் ஊற்றிவிட்டு வந்து பார்த்தால், இவனுக்கு இடது கையால் சாப்பிட வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொங்கலைப் பிசைந்து ஊட்டினான். மிளகை ஒதுக்கிவிட்டு ஊட்டினான். வலிக்குதா அண்ணே என்று நடுநடுவில் கேட்டுக்கொண்டான்.

இதைச் சொல்லும்போது குலசேகரன் யாரையும் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துச் சட்டைப் பையில் வைத்தார். மடியிலிருந்த செய்தித்தாளை அக்குளில் செருகினார்.

"முப்பது வருஷமா கோர்ட்ல இருக்கேன் தம்பி. அடிச்சவன் அடிபட்டவனுக்குச் சோறு ஊட்டுனதா ஒரு கேஸ்லயும் நான் கேட்டதில்லை. இது பொய்."

சொல்லிவிட்டு எழுந்து நின்றார்.

நூருதீன் அவரையே பார்த்தார். கோமளவல்லி, சனிக்கிழமையை விழுங்கிவிட்டுப் பொங்கலில் மாட்டிக்கொண்டீர்களே சார் என்றாள். தேவசகாயம் சட்டம் சட்டம்தான் என்கிற மாதிரி ஒதுங்கி, ஜன்னலோரத்தைக் கையால் காட்டினார்.

குலசேகரன் தயங்கினான். உட்கார்ந்தால் அந்தப் பொங்கல் பொய்யாகிவிடும். ஆம்பூர்க்காரனின் ஈரத் துண்டு இன்னும் அவன் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது; அதுவும் பொய்யாகிவிடும். சார், இது பொய்யில்லை என்று சொல்ல வாயெடுத்தான். விலா அவனைக் கலந்தாலோசிக்கவில்லை. அது போய் உட்கார்ந்துவிட்டது. அவனும் கூடப் போக வேண்டியதாயிற்று.

பார்க் ஸ்டேஷன் வந்தது. பாதிப் பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. ஜன்னல் காற்று முகத்தில் பட, குலசேகரன் தலையைச் சாய்த்து, மேலே கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த தேவசகாயத்தைப் பார்த்தான்.

"சார், குரோம்பேட்டைலேருந்து நான் சொன்ன கதைங்கள்லயே அது ஒண்ணுதான் சார் நெசம்."

தேவசகாயம் இன்னொரு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அதைப் பல்லாவரத்துலயே சொல்லியிருந்தா அப்பவே எழுந்திருச்சிருப்பேனே தம்பி" என்றார்.